நாற்பது தப்படியில் கடல்

எங்கள் கல்லூரியின் புகைப்படத் துறையில் கேமரா அலமாரியின் சாவி பதினாறு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. அது இன்னும் துருப்பிடிக்கவில்லை என்றால், நான் அதை வைத்து அவ்வப்போது காது குடைந்துகொள்வதுதான் காரணம். மற்றபடி அதற்கு அதிக வேலை கிடையாது. இங்கே படம் எடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் எடுக்கப்போகும் படத்தைப் பற்றி எழுத வேண்டும், எழுதியதைப் பற்றி ஒரு குழு பேச வேண்டும், பேசியதை நான் தட்டச்சு செய்ய வேண்டும், அதில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் மாணவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமாகிவிடும். மிச்சப் பேர் கல்யாணங்களில் வீடியோ எடுக்கப் போய்விடுவார்கள்.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஃப்ரேம். எதைப் பார்த்தாலும் இரண்டு கை விரல்களையும் சேர்த்துச் சதுரம் பண்ணி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகத்தான் பார்ப்பார். வருகைப் பதிவேட்டையும் அப்படித்தான் பார்ப்பார், மதியச் சாப்பாட்டையும் அப்படித்தான். நல்ல மனிதர்தான், சட்டென்று கோபம் வராது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஜாதி. அவருடைய கொள்கையை மாதம் ஒருமுறையாவது எனக்குச் சொல்லிவிடுவார்.

"இதோ பாருங்க, நான் கையெழுத்துப் போட்டது தப்பா இருக்கவே முடியாது. தப்பா இருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேனே!"

இதற்கு என்ன பதில் சொல்வது? நானும் பதினாறு வருடமாகத் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

போன வருடம் இறுதியாண்டுக்கு வந்தவர்களில் ஒரு லாரிக்காரர் மகள் இருந்தாள். அவளுடைய அப்பா துறைமுகத்துக்குப் பாறாங்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மலையை உடைத்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்க் கடலுக்குள் கொட்டி, கப்பல்கள் ஆடாமல் நிற்க நீளமாகச் சுவர் கட்டுகிறார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த வேலை. சுவர் நீள நீள, அதற்கு வடக்கே இருக்கிற கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. வடக்கே இருக்கிற கரையில்தான் லாரிக்காரரின் வீடும் இருக்கிறது. அந்த மனிதர் பகலெல்லாம் கல் கொட்டிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கொட்டின கல்லின் பலன் வாசலில் வந்து நிற்கும்.

அந்தப் பெண் எடுக்க விரும்பியது இதைத்தான். கடல், கல், சுவர், வீடு. தலைப்பு 'அப்பா போட்ட கல்'.

"நல்லா இருக்கும்மா," என்றேன். "ஆனா ஒண்ணு கேக்கறேன். உன் கையிலதான் செல்போன் இருக்கே. இன்னைக்கே எடுத்துடலாமே?"

"எடுத்தேன் அண்ணா. அம்மா அதை எடுத்துக்கிட்டு மூணு தடவை கரைப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போனாங்க. கடல் முப்பது தப்படிக்குள்ள வந்துட்டா வீட்டுக்கு முன்னாடி கல்லு போட்டுத் தரணும்னு அவங்க விதியிலேயே இருக்கு. ஆனா செல்போன் படமெல்லாம் செல்லாதாம். ஏதாவது நிறுவனத்தோட முத்திரை இருக்கற படம்தான் வேணுமாம். நம்ம காலேஜுல ப்ராஜெக்ட் படத்துக்குப் பின்னாடி முத்திரை போடுவாங்கல்ல?"

போடுவோம். முத்திரையும் என் மேசையில்தான் இருக்கிறது.

"இப்ப எத்தனை தப்படி?"

"இன்னைக்குக் காலையில இருபத்தாறு. அம்மா தெனமும் வாசப்படியில இருந்து ஈரம் ஆரம்பிக்கற கோடு வரைக்கும் நடந்து எண்ணிடுவாங்க. நான் பொறந்தப்ப நாப்பது இருந்துச்சாம்."

ஆக, அவளுக்கு வேண்டியது மதிப்பெண் இல்லை. முத்திரை குத்திய ஒரே ஒரு படம். அது கிடைத்தால் கல் வரும், கல் வந்தால் வீடு நிற்கும். இது எனக்கு அன்றைக்கே தெளிவாகத் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் செய்த காரியத்துக்குத் தெரியாமல் செய்தேன் என்று சாக்குச் சொல்ல முடியாது.

கருத்துருப் படிவத்தில் இருபத்திரண்டு கலங்கள் உண்டு. பதினோராவது கலம், 'பொருளுக்கும் பின்புலத்துக்கும் இடைப்பட்ட தூரம்'. அதற்கு இரண்டே இரண்டு குட்டிக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் இலக்கம். அவள் கையால் எழுதிக் கொடுத்த தாளில் 'முன்பு 40 தப்படி, இப்போது 26' என்று எழுதியிருந்தாள். நான் கணினியில் ஏற்றும்போது நாலும் பூஜ்ஜியமும் உள்ளே போய் உட்கார்ந்தன. இருபத்தாறு வெளியே நின்றது. அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்று கை போனது உண்மை. அந்த நேரம் பார்த்து டீ வந்தது. இதையெல்லாம் எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்து அடுத்த கலத்துக்குப் போய்விட்டேன்.

முதல் குழுக் கூட்டம் நடந்தது. ஃப்ரேம் நடுவில். அவருக்கு இடப்பக்கம் கோட்பாடு சொல்லித்தரும் 'அதாவது' மேடம். வாயைத் திறந்தால் முதல் சொல் அதாகத்தான் இருக்கும். முன்னால் எதையும் சொல்லியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

"அதாவது, கடல்னு எழுதியிருக்கே. எது கடல்? நீ யாரோட கடலைச் சொல்றே?"

பெண் முழித்தாள். "எங்க வீட்டு எதிர்ல இருக்கறது மேடம்."

"அதாவது, எதிர்லன்னா? கடலுக்கு எதிர்ல வீடா, வீட்டுக்கு எதிர்ல கடலா? இந்த அதிகார உறவை நீ விசாரிச்சிருக்கியா?"

"அம்மாவைத்தான் விசாரிச்சேன் மேடம். இருபத்தாறுன்னாங்க."

ஃப்ரேம் விரல் சதுரத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "உன் பிரச்சினை என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கடல் ரொம்பப் பெருசா இருக்கு. ஒரு வருஷத்துல முடியற விஷயமா அது? கொஞ்சம் சுருக்கிக் கொண்டா."

'கடலைச் சுருக்கிக் கொண்டுவருமாறு மாணவி அறிவுறுத்தப்பட்டார்' என்று நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். அதில் கையெழுத்தும் ஆனது.

அவள் அடுத்த மாதம் 'கடலின் ஒரு பகுதி' என்று எழுதிக்கொண்டு வந்தாள். எந்தப் பகுதி என்று கேட்டார்கள். 'கரையோரப் பகுதி' என்றாள். அதற்கடுத்த மாதம் 'ஈரமான பகுதி' ஆனது. நான்காவது கூட்டத்தில் 'அலையின் விளிம்பு' வரைக்கும் வந்துவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். எழுத்தில் கடல் சிறுத்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு எதிரில் இருந்த கடலுக்கு இந்த விவரத்தை யாரும் தெரிவிக்கவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில் ஒப்புதல் பிரச்சினை கிளம்பியது. யாரைப் படம் எடுத்தாலும் அவருடைய எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும் என்பது துறையின் விதி. வீட்டுக்கு அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். கடலுக்கு யார் போடுவது?

"கையெழுத்துப் போட முடியாதவங்களுக்குக் காப்பாளர் போடலாம்னு விதியில இருக்கு," என்றார் ஃப்ரேம். "கைக்குழந்தைக்கு அப்படித்தானே வாங்கறோம்? கடலுக்கு யாரு காப்பாளர்?"

விசாரித்ததில் கரைப் பாதுகாப்பு அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர்தான் காப்பாளர் என்று முடிவாயிற்று. அவரை வெளி உறுப்பினராகக் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய மீசை, சின்னக் கண்ணாடி, எப்போதும் கைகளை வயிற்றின் மேல் வைத்திருப்பார். கடலின் சார்பில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். கருத்துருவின் ஒரு பிரதியை எங்கள் முத்திரையோடு தன் அலுவலகத்துக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பிரதியின் பதினோராவது கலத்தில் நாற்பது இருந்தது.

ஏழாவது மாதம் ஒப்புதல் கிடைத்தது. நான் அலமாரியைத் திறந்து, பூச்சி உருண்டை வாசத்தோடு கேமராவை அவள் கையில் கொடுத்தேன். கோயில் நடை திறந்ததுபோல மற்ற மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து நாளில் படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூரத்தில் துறைமுகச் சுவர், அதன் மேல் எறும்பு அளவில் ஒரு லாரி. இந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசல், வாசலில் துணிக்கொடி. கொடியைக் கட்டியிருந்த கம்பு தண்ணீரில் நின்றது.

"இப்ப எத்தனை?"

"இருபத்திரண்டு அண்ணா."

படங்களைக் குழு பார்த்தது. ஃப்ரேமின் சதுரம் ஒரு படத்தின் மேல் வெகு நேரம் நின்றது.

"நல்லா எடுத்திருக்கே. ஆனா இது நாங்க ஒப்புதல் கொடுத்த கடல் இல்லையே."

"சார்?"

"கருத்துருவுல நாப்பது தப்படி. படத்துல பார்த்தா அதுல பாதிதான் தெரியுது. நீ விலகிட்டே."

"நான் விலகல சார். கடல்தான் நெருங்கிடுச்சு."

"அதாவது, யார் விலகினாலும் விலகல் விலகல்தான்," என்றார் மேடம்.

விலகலுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. 'விலகியவர் பெயர்' என்ற இடத்தில் அவள் கடல் என்று எழுதினாள். 'விலகியதற்கான காரணம்' என்ற இடத்தில் 'அப்பா போட்ட கல்' என்று எழுதினாள். 'இனி விலக மாட்டேன் என உறுதியளிக்கிறேன்' என்று அடியில் இருந்த வரிக்குக் கீழே மறுபடியும் பொறியாளரின் கையெழுத்து தேவைப்பட்டது. அந்த ஒரு தடவை மட்டும் அவர் போட மறுத்துவிட்டார். கடலைப் பற்றி அவருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது.

முத்திரை இல்லாமல் படங்கள் திரும்பின. அந்த வாரமே அவளுடைய அம்மா நான்காவது தடவையாகக் கரைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். இந்த முறை அங்கே பதில் தயாராக இருந்தது. அவள் வந்து என் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டு சொன்னாள்.

"உங்க பொண்ணே நாப்பது தப்படின்னு எழுதி, காலேஜ் முத்திரையோட கொடுத்திருக்காங்களேம்மா, முப்பதுக்குள்ள வந்தாத்தானே கல்லுன்னு கேட்டாங்களாம். அம்மா வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒண்ணுமே சொல்லல அண்ணா. அப்புறம் அப்பாதான் கேட்டார், நீ எதுக்கு நாப்பதுன்னு எழுதினேன்னு. நான் இருபத்தாறும் எழுதினேன் அண்ணா. எழுதினேன்ல?"

எழுதியிருந்தாள். டீ வந்ததும், கட்டம் இரண்டே இரண்டு என்பதும், நான் அடுத்த கலத்துக்குப் போனதும் எல்லாம் அவளுக்குச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணா, இப்ப என்ன பண்றது?" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

நான் ஃப்ரேமிடம் போய், தட்டச்சில் பிழை, என்மேல்தான் தப்பு, திருத்திவிடலாம் என்றேன்.

"பிழையா? இதுல யாரு கையெழுத்து?"

"உங்க கையெழுத்து சார்."

"அப்புறம் எப்படிங்க பிழையா இருக்கும்?"

அவரிடமிருந்து கடைசியில் நான் பெற்றது ஒரு களச் சரிபார்ப்பு. குழுவே நேரில் போய் எண்ணிப் பார்த்துவிடுவது. விதியில் இருக்கிறது, யாரும் இதுவரை செய்ததில்லை. வெயிலில் போக வேண்டுமே என்று மேடம் முனகினார். பொறியாளர் தன் ஜீப்பை அனுப்பினார்.

அந்த வீட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. வாசல்படியில் ஒரு பக்கம் மணல் அரித்து, கல் அந்தரத்தில் நின்றது. அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி. "வாங்க, நானே எண்ணிக் காட்டறேன்," என்றார்.

"வேண்டாம்மா," என்றார் ஃப்ரேம். "நீங்க சம்பந்தப்பட்டவங்க. குழுதான் எண்ணணும்."

அவர் வாசல்படியில் முதுகை ஒட்டி நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கம்பீரமாக நடந்தார். உயரமான மனிதர். பதினேழாவது தப்படியில் ஷூவுக்குள் தண்ணீர் போய்விட்டது.

அவர் ஷூவைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் வேகமா நடந்துட்டேன்னு நினைக்கறேன்."

இரண்டாம் தடவை, தொட்டிலில் தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி நடந்தார். இருபத்தொன்பது வந்தது. பொறியாளரின் முகம் மாறியது. முப்பதுக்குள் வந்துவிட்டால் கல் போட வேண்டியது அவர் தலையில் விழும்.

"சார், தப்படின்னா என்னன்னு உங்க கருத்துருவுல விளக்கம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லையே."

"அப்ப சின்னதாவும் இருக்கலாமே?"

"அதாவது," என்றார் மேடம், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு. "தப்படிங்கறதே ஒரு சமூகக் கட்டமைப்பு. ஆணோட தப்படி, பெண்ணோட தப்படி, குழந்தையோட தப்படி. எதை அளவா எடுத்துக்கறதுங்கறது ஒரு அரசியல். நாம ரொம்ப நாளா ஒடுக்கப்பட்ட சின்னத் தப்படியோட பக்கம் நிக்கலாம்."

ஃப்ரேம் மூன்றாம் தடவை நின்றார். இந்த முறை ஒரு குதிகாலை இன்னொரு காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து, ஒட்டவைத்து நடந்தார். ஐம்பத்தைந்து வயது, துறைத்தலைவர், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கடலை நோக்கி அப்படிப் போனார். தடுமாறிய இடத்தில் பொறியாளர் ஓடிவந்து ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மேடம் பிடித்தார். மூன்று பேரும் உரக்க எண்ணினார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அலை வந்தது, நின்றார்கள். அலை போனது.

"நாப்பது!"

ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். நான் குறிப்பேட்டில் 'நாற்பது, சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். எழுதாமல் என்ன செய்வது, என் வேலை அது.

அம்மா காலி டம்ளர்களைச் சேகரிக்க அவர்கள் பின்னாலேயே போனார். வழக்கமாக நடக்கிற மாதிரி, வாசல்படியிலிருந்து, அவர்கள் போன தடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தார். அவர் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. டம்ளர்களை வாங்கிக்கொண்டு திரும்பும்போது என்னைப் பார்த்து, "பத்தொன்பது," என்று மட்டும் சொன்னார்.

நிமிர்ந்து பார்த்தேன். மொட்டை மாடியில் கேமராவோடு அவருடைய மகள் நின்றிருந்தாள்.

அவள் எடுத்தது ஒரே படம். மேலிருந்து எடுத்தது. கீழே வாசல்படி, மேலே கடல், நடுவில் மணலில் கலைந்த தடங்களுக்கு மத்தியில் தெளிவாக இரண்டு வரிசைத் தடங்கள். ஒன்று, சங்கிலி மாதிரி ஒட்டி ஒட்டிப் போகிற நாற்பது ஷூத் தடங்கள். அதன் பக்கத்தில் வெறுங்காலின் பத்தொன்பது. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே தண்ணீரில் முடிந்தன. படத்தில் மனிதர்கள் யாரும் கிடையாது. எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

இப்போது கருத்துருவுக்கும் களத்துக்கும் விலகல் இல்லை. நாற்பது என்று ஒப்புதல், நாற்பது என்று சரிபார்ப்பு. ஆகவே அவள் படங்கள் எல்லாம் தேறி, முத்திரையும் வாங்கி, கண்காட்சிக்கும் போயின; ஆனால் ஏட்டில் நாற்பது என்று இருக்கும்வரை அந்த முத்திரையால் கல் வராது. கண்காட்சியைத் திறந்துவைக்கப் பொறியாளரையே கூப்பிட்டிருந்தார்கள். அவர் அந்த மணல் படத்துக்கு முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டு பேசினார்.

"கலைக்கும் எங்க துறைக்கும் ஒரு நெருக்கம் உண்டு. ரெண்டுமே பார்க்கறதுதான் வேலை. நாங்க பன்னிரண்டு வருஷமாக் கடல் முன்னேறுறதைப் பார்த்துக்கிட்டே இருக்கோம். ஒருநாள்கூட பார்க்கறதை நிறுத்தினதில்லை. இந்தத் தடங்கள்ல ஒண்ணுக்குப் பக்கத்துல நானும் நடந்தேன்னு நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. இந்தப் படத்தை என் அறையில மாட்டணும்னு ஆசைப்படறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். பெண்ணும் தட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

கல்லூரியிலிருந்து ஒரு பொருள் வெளியே போனால் அதற்கு ஒப்படைப்புச் சீட்டு எழுத வேண்டும். மூன்று பிரதி. ஒன்று எங்களுக்கு, ஒன்று பெறுகிறவருக்கு, ஒன்று பொருளுக்கு உரியவருக்கு. வழியில் யாரும் படத்தை மாற்றிவிடாமல் இருக்க, படத்தில் என்ன தெரிகிறதோ அதைத் தெளிவாக விவரிக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக 'இயற்கைக் காட்சி, ஒன்று' என்று எழுதிவிடுவேன். இந்தத் தடவை விதியை ஒழுங்காகப் பின்பற்றினேன்.

'கடலோர வீட்டின் படம், ஒன்று. இன்ன கதவு எண். வாசல்படிக்கும் கடலுக்கும் இடையே பத்தொன்பது தப்படி. நடந்தவர் வீட்டு உரிமையாளரின் மனைவி. அருகில், குதிகாலும் விரலும் ஒட்ட வைத்து நடந்த ஷூத் தடங்கள் நாற்பது. எடுத்த தேதி இன்னது.'

வேண்டுமென்றே எழுதினாயா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் சீட்டில் கட்டங்கள் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அன்றைக்கு டீ வந்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை.

ஃப்ரேம் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் படத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கரைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் படத்தைத் தன் நாற்காலிக்குப் பின்னால் எந்த உயரத்தில் மாட்டுவது என்று ஆணி அடிக்கிறவரோடு விவாதித்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய சீட்டில், 'மேற்கண்ட விவரங்கள் சரிபார்த்துப் பெறப்பட்டன' என்ற வரிக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

மூன்றாவது பிரதியைப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு நானும் போனேன். ஐந்தாவது தடவை. பொறியாளர் வயிற்றின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே அந்த மணல்.

"திரும்பவும் வந்துட்டீங்களா? அதான் நாப்பதுன்னு நானே வந்து பார்த்துட்டேனேம்மா."

அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். விரலை வாசல்படியில் வைத்து, வெறுங்கால் தடம் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பொறியாளர் நாற்காலியைத் திருப்பிப் பொறுமையாகப் பார்த்தார். பத்தொன்பதில் விரல் கடலைத் தொட்டது.

"பத்தொன்பதுதான் சார் இருக்கு."

"அது கலைம்மா," என்றார் பொறியாளர், அன்பாகவே. "கலை வேற, ஃபைல் வேற. படத்தைப் பார்த்துக் கல்லு போட முடியுமா?"

அம்மா மடியிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். பொறியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். வாசல்படி, பத்தொன்பது, கதவு எண், தேதி, கல்லூரி முத்திரை, தன் முத்திரை. 'சரிபார்த்து' என்ற சொல்லில் வந்து அவர் விரல் நின்றுவிட்டது. தன் கையெழுத்தை, வேறு யாரோ போட்டதாக இருக்கக் கூடாதா என்கிற மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் துறைக்குப் போன் போட்டார். நான் அங்கே நிற்பதைக் கவனித்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஒப்படைப்புச் சீட்டுல பத்தொன்பதுன்னு இருக்கே?"

"இருக்காதே. கருத்துருவுல நாப்பது," என்றது ஃப்ரேமின் குரல். "சீட்டுல யாரு கையெழுத்து?"

நான் குனிந்து போனுக்குப் பக்கத்தில் சொன்னேன். "உங்க கையெழுத்து சார்."

அவர் அந்தப் பக்கம் எதையோ விரல் சதுரத்துக்குள் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நான் போட்டிருக்கேனா? அப்ப பத்தொன்பதுதான்."

"அப்ப நாப்பது, சார்?" என்றார் பொறியாளர், பரிதாபமாக.

"அதுவும் நான் போட்டதுதானே. ரெண்டும் சரி."

இரண்டும் சரி என்றால் தேதியில் பிந்தியது செல்லும் என்று அந்த அலுவலகத்தின் விதி சொன்னது. விதியைப் பொறியாளரின் உதவியாளரே எடுத்துக் காட்டினார். அவருக்கும் ஏதோ வயிற்றெரிச்சல் இருந்திருக்கும்.

கல் வருவதற்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. வருகிற நாள் தெரிந்து நானும் போயிருந்தேன். வந்த முதல் லாரியை ஓட்டியவர் அவளுடைய அப்பாதான். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் தெருவுக்குள் கல்லோடு வந்தார். பெண் மொட்டை மாடியில் நின்றிருந்தாள். புதிய படங்களுக்குப் புதிய கருத்துரு வேண்டும் என்று துறை சொல்லியிருந்தது. அதனால் கையில் செல்போன்தான்.

மேற்பார்வையாளர் தாளைப் பிரித்தார். "பத்தொன்பதாவது தப்படியில கொட்டணும்."

அம்மா வாசல்படியில் நின்றிருந்தார். "இப்ப பதினாலுதாங்க இருக்கு. பத்தொன்பது தண்ணிக்குள்ள இருக்கு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தாள்ல பத்தொன்பது."

மேற்பார்வையாளர் அப்பாவைப் பார்த்தார். அப்பா லாரியிலிருந்து தலையை நீட்டிக் கடலைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார்.

"விடுங்க சார். கடலுக்குள்ள கல்லு கொட்டறது எனக்கென்ன புதுசா?"

லாரி பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. முதல் கல் விழுந்தபோது வாசல்படி அதிர்ந்தது. சாயங்காலத்துக்குள் பதினோரு லோடு கொட்டியானது. தண்ணீருக்கு மேல் கறுப்பாக ஒரு முதுகு தெரிய ஆரம்பித்தது. அலை அதில் மோதி, கோபித்துக்கொண்டு, இந்தப் பக்கம் நுரையாக மட்டும் வந்தது.

எங்கள் கல்லூரியின் ஏடுகளில் அந்த வீட்டுக்கும் கடலுக்கும் இன்றும் நாற்பது தப்படி. கரைப் பாதுகாப்பு அலுவலகத்தில் பத்தொன்பது. வடக்கே அடுத்த தெருவில் இப்போது முப்பத்திரண்டு தப்படியாம். அங்கே இருக்கிறவர்களில் ஒருவர் நேற்று என் மேசைக்கு வந்து, பையனைப் புகைப்படத் துறையில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார். சேர்க்கைப் படிவத்தோடு கருத்துருப் படிவத்தையும் கொடுத்தேன். பதினோராவது கலத்தைப் பென்சிலால் நிரப்பச் சொன்னேன்.

லாரிக்காரர் மகள் தினமும் காலையில் எனக்குப் போனில் ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறாள். அம்மா நடந்து எண்ணியது. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேசையைத் திறக்கிறேன். இன்றைக்கும் பதினாலுதான்.